அன்றைக்கு வந்த வெளிச்சம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவுக்காரர் கல்யாணம். தலைக்கு மேலே ட்ரோன் கேமரா ரீங்கரித்ததும், எங்கள் பழைய ராஜபாளையத்து வீட்டு மாடியில் அன்று காய்ந்த மிளகாய் வற்றலின் நெடி என் மூக்கில் ஏறியது.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம். மில்லிலிருந்து வந்த அப்பா, தலையில் ஒட்டிய பஞ்சோடு, வற்றல் அள்ள அம்மாவுடன் மாடிக்குப் போனார். போன வேகத்தில் தெருவுக்கு ஓடிவந்தார். மலைப்பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்து, தென்னந்தோப்புக்கு மேல் நின்றுவிட்டுப் போனதாம்.

“ஏலே, எம்புட்டுக் குடிச்ச?” என்று தெருவே சிரித்தது.

“ஏட்டி, நீயும் பாத்தேல்ல? சொல்லு,” என்று பின்னாலேயே இறங்கிவந்த அம்மாவைக் கேட்டார் அப்பா.

“நான் குனிஞ்சு வத்தல் அள்ளிக்கிட்டு இருந்தேன்,” என்றாள் அம்மா.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாகும்வரை அவருக்குப் ‘பறக்கும்தட்டு’ என்றுதான் பெயர்.

இப்போது அம்மா ட்ரோனை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தாள்.

“என்ன இரைச்சல்! அன்னைக்கு நாங்க பாத்ததுல சத்தமே இல்ல.”