யானைக்குத் தெரிந்த மணம்

மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் இரும்புக்கடைக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு வயல்காரர் வருவார். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். வயலில் யானைக்காவலுக்கு லைசன்ஸ் எடுத்த துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, ஒன்று வைத்திருந்தார்.

"துவக்கு விசை இறுகிப்போச்சு மனே. நல்ல எண்ணெய் ஒண்டு தா."

"என்ன எண்ணெய் போடுறீங்க?"

"தேங்காயெண்ணெய்."

"அது காய்ஞ்சு பிசினாகிரும். மண்ணெண்ணெயால துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க."

நான் எடுத்துக் கொடுத்த மெஷின் எண்ணெய்ப் போத்தலை முகர்ந்தவர் திருப்பித் தந்தார்.

"தேங்காயெண்ணெய் மணம் இல்லயே. எங்கட வயல் வட்டைக்கு வாற தனியன் யானை, துவக்குல அந்த மணம் பட்டாத்தான் விலகிப்போகும்."

"விலகாட்டி?"

"சுடவேணும். அதான் பயமா இருக்கு."

சுடுவதற்கு எண்ணெய் கேட்டாரா, சுடாமலிருக்கவா? போத்தலை அவர் பக்கம் தள்ளவும் முடியவில்லை, அலுமாரியில் திருப்பி வைக்கவும் முடியவில்லை.