முட்டிக்கு ஜுவேலியு

உடம்பு பிடிச்சு விடுற தொழில்ல, வந்தவன் எங்க வலிக்குதுன்னு சொல்லணும், நாம அங்க பிடிக்கணும், அவ்வளவுதான். அவன் சொல்றதே புரியலன்னா என்ன கதியாகும்னு, பாஷை தெரியாத ஆளுகிட்ட மாட்டி முழிச்ச உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல.

ஈப்போவுல ஒரு கால்பந்து டீமுக்கு நான் மசாஜ்காரன். போன சீசன்ல எங்க முதலாளி டத்தோ, பிரேசில்ல இருந்து நில்டன்னு ஒருத்தனக் கொண்டாந்தாரு. அவனுக்குத் தெரிஞ்சது போர்ச்சுகீசு ஒண்ணுதான். "பாதி சீசன்ல பாப்பேன், உடம்பு தாங்கலன்னா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவேன்"னு டத்தோ முதல் நாளே போன்ல போர்ச்சுகீசாக்கி அவன்கிட்ட காட்டிட்டாரு. ஊர்ல பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் இவன் சம்பளத்த நம்பி இருந்தாங்க.

தலையாட்டல்

அந்தப் போன நீயும் பாக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. என் கை முழுக்க எண்ணெய் லா, திரையத் தொட்டா வழுக்குது. முதல் நாள் நில்டன் குப்புறப் படுத்துக்கிட்டு "கோஷா, கோஷா"ன்னான். நான் தோள்ல ஆரம்பிச்சு முதுகு, இடுப்புன்னு பிடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் அவன் தலைய இப்படியும் அப்படியும் ஆட்டினான். நம்ம ஆளுங்க அப்படி ஆட்டினா "சரி சரி, நடக்கட்டும்"னுதானே அர்த்தம்? நானும் சந்தோஷமா இன்னும் அழுத்திப் பிடிச்சேன். பாவம், வேணாம் வேணாம்னு ஆட்டியிருக்கான்.

பக்கத்து மேசையில படுத்திருந்த கோல் கீப்பர் முரளி கடைசியில வாயத் தொறந்தான்: "அண்ணே, கோஷான்னா தொடை போல. அவன் அப்போலேருந்து தொடையத் தட்டித் தட்டிக் காட்டுறான். நீங்க முதுக விட்டு வந்தாதானே."

சூப் கடைப் பாடம்

இது சரிப்படாதுன்னு அவன ஹனிபா அண்ணே சூப் கடைக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க ஆட்டுல எந்தப் பாகம் கேட்டாலும் சூப் உண்டு. அண்ணே கரண்டியால ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்ட, நில்டன் பேர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். நாக்கு லிங்குவா. விலா கொஸ்தெலா. கழுத்து பெஸ்கோசு. கால் பாதம் பே. நானும் பதிலுக்குத் தமிழ்ல சொல்லிக் கொடுத்தேன். அவன் காதுல வாங்கின மாதிரி தெரியல, எலும்ப உறிஞ்சுறதுல மும்முரமா இருந்தான்.

தோளுக்கும் முதுகுக்கும் என்னண்ணேன்னு கேட்டேன். ஹனிபா அண்ணே பானைய மூடிட்டாரு: "ஆட்டுல இருக்குறதெல்லாம் காட்டிட்டேன் தம்பி. மனுசனுக்கு மிச்சம் இருக்குறத வேற கடையில கத்துக்க லா."

கால் முன்னால

அப்புறம் அவனுக்கு முதுகுல சுளுக்கு. என் கைக்கு அது அசையல. நான் பொறந்து வளந்த சுங்காய் தோட்டத்துல பார்வதி அக்கா இருக்காங்க, ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கிறவங்க. பொறக்குறப்பவே கால் முன்னால வந்து பொறந்தவங்க. அப்படிப்பட்டவங்க மிதிச்சா சுளுக்குப் போயிடும்னு உங்களுக்குத் தெரியும், பிரேசில்காரனுக்குத் தெரியுமா? நான் அக்காவக் காட்டி, என் வயித்துல கை வெச்சு, "கபேசா இல்ல, பே"ன்னு ஒரு காலத் தூக்கி நடிச்சேன். தலை இல்ல, கால்னு சொன்னேனாம். அவன் முகமெல்லாம் சிரிப்பா அக்காவோட ரெண்டு கையையும் பிடிச்சு "பராபேன்ஸ், பராபேன்ஸ்"னான். அக்கா முழுகாம இருக்காங்கன்னு வாழ்த்துறான்!

அம்பது தாண்டின அக்கா அசரவே இல்ல. "வாழ்த்து கெடக்கட்டும், ஆளக் குப்புறப் படுக்கச் சொல்லு. அடுப்புல சாம்பார் இருக்கு."

முட்டி

பாதி சீசன் நெருங்குறப்ப அவன் வலது முட்டி வீங்கிடுச்சு. முட்டிக்கு ஜுவேலியு. வலிக்குதான்னு கேக்க "டோய்?" வலிக்கலன்னா "நாவ் டோய்." நான் தொட்டதும் அவன் உதட்டக் கடிச்சுக்கிட்டு "நாவ் டோய்"ன்னான். அந்த நேரம் பாத்து டத்தோ உள்ள வந்து, "என்ன சொல்றான்?"னு கேட்டாரு. நில்டன் என்னையே பாத்தான். சொன்னா டிக்கெட், சொல்லலன்னா கால் போயிடும். கால் போனா அந்தக் குழந்தைக்கு யாரு சோறு போடுறது? "வலிக்கலங்கிறான் டத்தோ, ஆனா வலிக்குது"ன்னேன்.

டத்தோ என்னைத்தான் முறைச்சாரு. "ரெண்டு வாரம் தரேன். சரியாகலன்னா ரெண்டு பேருக்கும் டிக்கெட். அவனுக்கு பிரேசிலு, உனக்கு சுங்காய்."

ரெண்டு வாரம்

நில்டன் என்கூடப் பேசுறத நிறுத்திட்டான். படுப்பான், மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவான், எங்க தொட்டாலும் "நாவ் டோய்." டாக்டரு பாத்துட்டு, ஓய்வு குடுத்தா முட்டி தேறும்னாரு. ஆனா எந்த இடம் இன்னும் நோகுதுன்னு இவன் வாயத் தொறக்காம நான் எத வெச்சுப் பிடிக்கிறது? கடுப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

தவணை முடிஞ்ச அன்னிக்கு டத்தோ வந்து நின்னாரு. நான் முட்டிய மெல்ல அழுத்தினேன். வீக்கம் வடிஞ்சிருந்துச்சு. இன்னிக்கும் "நாவ் டோய்"னா ஆள நாளைக்கே ஆட்டத்துல இறக்கிடுவாங்கன்னு எனக்குப் பயம். நில்டன் டத்தோவப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் மெதுவா, தமிழ்ல சொன்னான்: "அண்ணே, முட்டி வலிக்குது."

டத்தோ நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "தமிழ்ல வலிக்குதுங்கிறவன எப்படிய்யா ஊருக்கு அனுப்புறது? இன்னும் ரெண்டு வாரம் பிடிச்சு விடு."

ஒரு ஆட்ட முழுசா மனப்பாடம் பண்ணி நான் போர்ச்சுகீசு கத்துக்கிட்டேன், அவன் மூணே வார்த்தை தமிழக் கத்துக்கிட்டு ரெண்டு பேரு வேலையையும் காப்பாத்திட்டான் லா.