அவிழ வேண்டிய முடிச்சு

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் சென்ட்ரியோல் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் மெதுவாகச் சொல்லிவிடுவேன். கடல் கொந்தளித்துப் படகுகள் போகாத ஒரு மதியம், காசிமேட்டில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டது அது.

அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அக்கா, பள்ளிக் கண்காட்சிக்காக உடம்பிலிருக்கும் செல் ஒன்றின் மாதிரியைச் செய்துகொண்டிருந்தாள். தெர்மாகோல் பலகையில் பெரிய நீல வட்டம். காலி ரீஃபில்களை நறுக்கி மூன்று மூன்றாக ஒட்டி, அப்படி ஒன்பது கட்டுகளை வட்டமாக நிறுத்தினால் ஒரு குட்டிப் பீப்பாய் வந்தது. அதுதான் சென்ட்ரியோல். ஒன்று நின்றால் இன்னொன்று அதற்குக் குறுக்கே படுத்திருக்கும், எப்போதும் ஜோடிதான். செல் பிரியும் காலம் வந்தால் அந்த ஜோடி விலகி, ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் ஒரு புதுத் துணையை வளர்த்துக்கொள்ளுமாம். பிறகு இரண்டு ஜோடியும் ஆளுக்கொரு கரைக்குப் போய்விடும். அங்கிருந்து நீளும் நூல்கள் நடுவிலிருக்கும் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும். எனக்கு அது கரைவலை இழுப்பதுபோல இருந்தது. கண்ணை மூடினால், நீலத் தண்ணீருக்குள் யாரோ சத்தமில்லாமல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நூல் கட்டித் தந்தது மாமா, அம்மாவின் தம்பி, வலை பின்னுகிறவர். அக்காவுக்கு அவர்தான் என்று அவள் பிறந்தபோதே வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் கல்யாணம். அக்காவுக்கோ நர்ஸுக்குப் படிக்க ஆசை. ஒருமுறை கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியதோடு அந்தப் பேச்சு நின்றிருந்தது.

குரோமோசோம்களுக்காக மாமா கம்பளி நூல் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவில் முடிந்து, இருபுறமும் தூண்டில் நரம்பைக் கட்டினார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். இழுத்தோம். பலகைதான் வளைந்தது, ஒன்றும் பிரியவில்லை. வலைக்குப் போடும் முடிச்சையே போட்டிருந்தார்.

"இன்னா மாமா இது?" என்றாள் அக்கா.

"என் கையால போட்ட முடிச்சு என்னிக்காவது அவுந்துகீதா?" மாமா பெருமையாகத்தான் சொன்னார்.

அக்கா பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இது அவுரணும் மாமா. அவுந்தாதான் ரெண்டும் பொழைக்கும். இல்லாங்காட்டி செத்துப்பூடும்."

மாமா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து அறுத்தார். இழுத்தால் அவிழும்படி, எல்லாவற்றையும் லேசாகப் போட்டுக் கொடுத்தார்.

கண்காட்சியில் ஒரு முனை என் கையில், ஒரு முனை அக்கா கையில். இழுத்ததும் கம்பளித் துண்டுகள் மெல்லப் பிரிந்து இரண்டு கரைக்கும் நீந்தி வந்தன. என் கை திடீரென்று லேசானது. கூட்டத்துக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். அன்று சாயங்காலம் அவரே அம்மாவிடம், அவள் படிக்கட்டும் என்றார். அம்மா அவரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கவலை வேறு. வலைக்காரர் இப்படிப் பொலபொலவென்று அவிழும் முடிச்சுப் போடலாமா?

"முடிச்சு போட மறந்துட்டியா மாமா?"

"ஆமாடா நைனா," என்றார்.

நான் நம்பிவிட்டேன். மறுநாள் துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் போய், எங்கள் மாமாவுக்கு முடிச்சு மறந்துபோய்விட்டது, யாராவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன்.