துரைக்கு ஏலம்

ஓடு கீறிய முட்டையைக் காதோரம் பிடித்தபடி வாசலுக்கு ஓடி வருவார் ஜெயராணி. பால்காரரோ கேஸ் வண்டிக்காரரோ, தெருவில் அகப்பட்டவரை விடமாட்டார். “இங்கிட்டு வாங்க, உள்ள சத்தம் கேக்குது பாருங்க. இது நல்லாத்தான் வரும்.” குஞ்சு வெளியே வந்ததும், ஈரம்கூடக் காயாமல் உள்ளங்கையில் நிறுத்தி விரல்களைப் பார்ப்பார். பாதிக் குஞ்சுகளுக்கு விரல் வளைந்திருக்கும். சிலவற்றுக்கு அலகும் கோணல். அவர் முகம் வாடிவிடும். அடுத்த முட்டை கீறும்வரைதான் அந்த வாட்டமும்.

எல்லாம் துரை என்கிற சேவலின் வாரிசுகள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஆவூர்ப் பக்கம் கூடுகளெல்லாம் காலியான வருடம், கழுத்து திருகிக் கிடந்தவனை அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தான். சொன்னபடி திருவிழாவில் கொண்டுபோய்க் கொடுத்தார். காணிக்கையாய் வந்த கோழிகளை ஏலம் விடத் தொடங்கியதும் மனசு கேட்கவில்லை; தானே கை தூக்கி, அவனையே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்தடுத்த வருடங்களும் இதே கூத்து. மகள்கள், பேத்திகள் என்று கூடு முழுக்க அவன் ரத்தமே ஆயிற்று.

“துரை இருக்கணுமா, கோழி வளக்கணுமா? ஒண்ணச் சொல்லு” என்றார் கணவர் அருள்தாஸ். ஒரே ரத்தத்துக்குள் சேர்ந்தால் விரல் வளையத்தான் செய்யும் என்று கால்நடை மருத்துவரும் சொல்லியிருந்தார். ஜெயராணி துரையைத் தனியே கட்டிவைத்தார். திருமயத்து நாத்தனாரிடம் ஒரு சேவலை இரவல் வாங்கி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இன்னும் துரையின் கருவாக இருக்கும் என்று கொஞ்ச நாள் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, பிறகு வந்தவற்றை அடைவைத்தார். பொரிந்த அன்று தெருவே அவர் வாசலில்தான். ஒரு விரல்கூட வளையவில்லை. “எல்லாம் நேரா நிக்கிதுங்க, நேரா நிக்கிதுங்க” என்று குதியாகக் குதித்தார்.

இந்த வருடத் திருவிழாவிலும் ஜெயராணி துரையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏலம் விடுகிற ஞானமணி அவனைத் தூக்கிப் பிடித்து ஏலம் கூறினார். “இது நம்ம ஜெயராணியக்கா சேவல். வேற யாரும் கேக்க மாட்டீங்களே?”

கூட்டம் சிரித்தது. திருவரங்குளத்து ராக்கன் மட்டும் சிரிக்காமல், சேவலை வாங்கிக் கையில் எடை பார்த்தார். “நல்ல கனம்” என்று விலை சொன்னார். குழம்புக்கா வளர்ப்புக்கா என்று ஜெயராணி அவர் முகத்தில் தேடினார்.

“ஒரு தரம். ரெண்டு தரம்.”

ஜெயராணியின் வலக்கை உயர்ந்தது. ஞானமணி நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அருள்தாஸும் பார்த்தார்.

உயர்ந்த கையை ஜெயராணி நெற்றிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து நெஞ்சுக்கு இறக்கி, இரண்டு தோள்களையும் மெல்லத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.