உத்தரத்திலா, குழியிலா

அடையாற்றுக் கரையில் எங்கள் குடிசைகள் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எது வேண்டுமோ அதை மேலே வை. ஐப்பசி பிறந்தால் ஒவ்வொரு குடிசையிலும் உத்தரத்துக் கட்டையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கயிற்றில் ஒரு டின் தொங்கும். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் ஆட்கள் நாங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு ஓடுவோம். டின் அங்கேயே தொங்கும். அப்புறம் யாராவது இடுப்புத் தண்ணீரில் போய் அவிழ்த்துக்கொண்டு வருவார்கள்.

மற்றவர்கள் டின் எப்படியோ, என் டின் வேறு. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அரிசியைச் சிவக்க வறுத்து இடித்த மாவு, பொட்டுக்கடலை மாவு, கருப்பட்டி, உப்பு, புளி. எல்லாவற்றையும் மூன்று நாளாவது வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே போடுவேன். மூடிச் சந்தில் மெழுகுவர்த்தியை உருக்கி விட்டு, மேலே துணி சுற்றி, துணி மேலும் மெழுகு விடுவேன். பிறகு டின்னை ஒரு தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பேன். அது அமுங்காது, கையைத் தள்ளிக்கொண்டு திமிறும். ஒரு குமிழி வந்தாலும் மூடியைப் பிரித்து மறுபடி மெழுகு. நெருப்புப் பெட்டி தனியாக மருந்துப் பாட்டிலுக்குள் இருக்கும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் ஒரு கட்டி. சுள்ளி, மெழுகுவர்த்தி, கயிறு, பாட்டில் எல்லாம் ஒரு மூட்டை. டின் ஒன்று, மூட்டை ஒன்று, அவ்வளவுதான் என் சொத்து.

பக்கத்துக் குடிசைக்காரி வருஷா வருஷம் வந்து நிற்பாள்.

"எக்கா, உன் டின்னுல ஒரு கை மாவு கீதா?"

"கீது. உனக்கு இல்ல."

"எனக்கு யாரு கேட்டா? புள்ளைக்குக் கேக்குறேன்."

திட்டிக்கொண்டே கொடுப்பேன். கொடுக்காவிட்டால் என் டின் நல்ல டின் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்லவந்த வருஷம் என் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சிந்தாதிரிப்பேட்டை. வளையல் போட்டு அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவளைப் பெற்றபோது நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதுவும் மழைக்காலம். பச்சை உடம்போடு பள்ளிக்கூடத்து வராந்தாவில் கிடந்தேன். யாரோ கொடுத்த பொரியைத் தவிர வாயில் ஒன்றும் படவில்லை. பால் ஊறவேயில்லை. குழந்தை வறட்டு மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. அந்த அழுகை பிறக்கப்போகிற குழந்தைக்கு வரக்கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் அந்த வருஷம் டின்னில் மாவைக் குறைத்துவிட்டு, சுறாக் கருவாடு, பூண்டு, மிளகு, சுக்கு, ஓமம் என்று பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியதைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிப் போட்டேன். சுறா பாலூறும். டாக்டரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்.

உத்தரத்தில் தொங்கவிட்டாயிற்று. நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் வடக்கே எல்லையில் சண்டை வந்தது.

நான் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மாவிடிக்க, பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் போனபோது அந்த வீட்டு மாமா ஸ்டூல் மேல் நின்று ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். மாமி கீழே பசைக் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஏண்டி, சேதி தெரியுமோ? விளக்கை வெளில தெரியாம மூடிக்கணுமாம். ரேடியோல சொல்லிண்டே இருக்கான். வடாம், வத்தல், ஊறுகா ஜாடி எல்லாத்தையும் மாடிப்படிக்குக் கீழ எடுத்து வெச்சாச்சு."

"ஏன் மாமி கீழ? மேலதானே வைப்பாங்க?"

மாமா ஸ்டூலிலிருந்து இறங்கியே விட்டார். "அசடு! குண்டு எங்கேர்ந்து வரும்? மேலேர்ந்துதானே? மேல இருக்கறதுதான் முதல்ல போகும். ஜப்பான்காரன் வரான்னு ஊரே காலி பண்ணிண்டு ஓடித்தே, அப்போ நாங்க ஓடல. கொல்லையில குழி வெட்டிண்டு அதுக்குள்ள உட்கார்ந்தோம். அதனாலதான் இன்னிக்கி உன் எதிர நிக்கறேன்."

"அப்ப குண்டு விழுந்துச்சுங்களா சாமி?"

"விழல."

மாமி பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மாமாவுக்குக் கோபம். என் டின்னைப் பற்றி மாமியிடம் நான் சொன்னதைக் கேட்டிருந்தவர், நான் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "உங்காத்துல கூரை ஓலைதானே? அதுல தொங்க விட்டிருக்கியா? ஒரு பொறி போறும். கருவாடு சுட்ட கருவாடாயிடும்," என்றார்.

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் மண்டைவெளி தாண்டுவதற்குள் அந்தப் பொறி என் நெஞ்சில் விழுந்துவிட்டது. தீ என்றால் என்னவென்று எங்கள் குடிசைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தேன். மூலையில் மண்ணை முழங்கை ஆழம் தோண்டினேன். டின்னை உள்ளே இறக்கி, மண்ணைப் போட்டு, மேலே பாயை விரித்தேன்.

என் வீட்டுக்காரர் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர். சவாரி முடித்து வந்தவர் உத்தரத்தில் வெறும் கயிற்றைப் பார்த்தார்.

"இன்னாமே, டின்னு எங்க?"

"கீழ பொதைச்சுட்டேன். மேல இருந்து குண்டு போடுவானாம்."

"ஆத்துத் தண்ணி வந்தா?"

நான் பாயை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டேன். அவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "குண்டு மேல இருந்து வரும். தண்ணி கீழ இருந்து வரும். நீ ஒண்ணு பண்ணு. டின்ன மடியில வெச்சுக்கினு நடுவுல குந்திக்க."

என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பார்த்தால் எங்கள் வரிசையில் ஒரு குடிசையிலும் டின் தொங்கவில்லை. எல்லோரும் புதைத்துவிட்டார்கள். பக்கத்துக் குடிசைக்காரி சொன்னாள்: "நீயே கீழ வெச்சுட்டன்னா சும்மாவா வெச்சிருப்ப?" பெருமையாகத்தான் இருந்தது. அன்று மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் டின்னைத் தோண்டி எடுத்து மேலே கட்டினேன். வரிசை முழுக்கத் தோண்டும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் வெயில் அடித்தது. தேனாம்பேட்டைப் பக்கம் ஏரோப்ளேன் தாழப் பறந்ததாக ஒருவன் வந்து சொன்னான். டின் மறுபடி கீழே போயிற்று. இப்படி எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. ஒரு தடவை கீழே தோண்டிவிட்டு, டின் இல்லையே என்று கத்தினேன். அது தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் ஒன்றாக இருந்தவரை நான் கெட்டிக்காரி. இரண்டானதும் எனக்கே என்னைப் புரியவில்லை.

மயிலாப்பூரிலும் நிலைமை அதுதான். மாமா கொல்லையில் புதிதாக வெட்டவைத்த குழியில் மழைத் தண்ணீர் நிரம்பித் தவளை கத்தியது. வாளியால் மொண்டு ஊற்றும் வேலையும் எனக்கே வந்தது. "குண்டு விழுந்தா நீச்சல் தெரிஞ்சவாதான் பொழைப்பா," என்றாள் மாமி. மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு விடாமல் மழை பிடித்தது; ஏரோப்ளேன் பேச்சும் விடவில்லை, டின்னும் மேலும் கீழும் போய்க்கொண்டேயிருந்தது. ஒரு பிற்பகல், ஆறு வாசல்படியை நக்கிக்கொண்டிருந்தது. என் பெண் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்தாள். வலி எடுத்துவிட்டது. அதே நேரத்தில் சைரன் சங்கு ஊதியது.

எங்களுக்குத் தெரிந்த சங்கு மணி காட்ட வேளைக்கு ஊதும் சங்கு. இது எந்த வேளையும் இல்லை. நீளமாக, விட்டு விட்டு ஊதியது. தண்ணீர் வருகிறது, மேட்டுக்கு ஓடு என்று ஊதுகிறார்களா? குண்டு வருகிறது, பள்ளத்தில் படு என்று ஊதுகிறார்களா? பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டை நோக்கி ஏறினார்கள். பாதிப் பேர் சாக்கடைப் பள்ளத்தில் குப்புறப் படுத்தார்கள். ஏறினவன் படுத்தவனைப் பார்த்து இறங்கினான். படுத்தவள் ஏறினவளைப் பார்த்து எழுந்தாள். எல்லோரும் நடுவில் நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"எக்கா! மேலயா, கீழயா?"

பெண்ணை நான் பள்ளத்துப் பக்கம் இழுத்தேன். அவள் அப்பா ரிக்ஷாவை ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்து மேட்டுப் பக்கம் இழுத்தார். அவள் இரண்டு கையையும் உதறினாள்.

"எம்மா, வயிறு பொளக்குது! குண்டு வந்தாலும் வரலன்னாலும் இது வரப்போவுது. எதுனா ஒரு எடம் சொல்லுங்க!"

"ஆஸ்பத்திரி," என்றார் அவர். நல்லவேளை, அவருக்காவது ஒரு வார்த்தை வந்தது.

நான் டின்னுக்காக உள்ளே ஓடினேன். நிமிர்ந்து பார்த்தால் வெறும் கயிறு. அப்படியானால் கீழே. கீழே அதற்குள் தண்ணீர் ஏறிப் பாயே மிதந்துகொண்டிருந்தது. எந்த மூலையில் தோண்டினேன்? வாசல் மூலையா, அடுப்பு மூலையா? கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன், சேறுதான் வந்தது. "வாமே, சீக்கிரம்!" என்று அவர் கத்தினார். கைக்கு அகப்பட்ட மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ராயப்பேட்டை வரைக்கும் அவர் மிதித்த மிதியை நான் மறக்கமாட்டேன். வழி முழுக்க மேகத்தைப் பார்த்தேனா, ஏரோப்ளேனைப் பார்த்தேனா, தெரியாது. விளக்கேற்றும் நேரத்தில் பேத்தி பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். என் பெண் கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "எம்மா, சுறா எங்கம்மா?"

மூட்டையைப் பிரித்தேன். சுள்ளி, மெழுகுவர்த்தி, கயிறு, படிகாரம், நெருப்புப் பெட்டி. ஆஸ்பத்திரியில் இதை வைத்து என்ன செய்ய? பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தை மார்பில் வாயை வைத்துவிட்டு எடுத்துவிட்டு அழுதது. அந்த அழுகை எனக்குத் தெரிந்த அழுகை.

மறுநாள் காலை மழை விட்டது. நான் மூட்டையோடு நடந்தே கரைக்குப் போனேன். எங்கள் குடிசையில் இடுப்பளவு தண்ணீர். கூரை முழுசாக இருந்தது. மேலே தொங்கவிட்டிருந்தால் டின் பத்திரமாக இருந்திருக்கும். தண்ணீரில் நின்றபடி அந்த மாமாவையும் அவர் குழியையும் வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு வாசல் படலைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே இருந்து ஏதோ டொக் டொக் என்று படலில் இடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கையை விட்டுப் பார்த்தேன்.

டின். மண் ஊறி இளகியதும், தொட்டியில் திமிறுகிற மாதிரியே திமிறிக்கொண்டு தானாக மேலே வந்திருந்தது. மெழுகில் ஒரு கீறல் இல்லை.

நான் கீழே வைத்தது சரியா? மேலே வந்ததால் மேலே வைப்பதுதான் சரியா? அந்தத் தண்ணீரில் நின்று யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்கள் வரிசைக்காரர்கள் எல்லோரும் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடமும் காய்ந்த நெருப்புக் குச்சி இல்லை. என் மூட்டையிலிருந்த பாட்டிலைத் திறந்தேன். மூன்று கல் வைத்துப் பற்றவைத்ததும் எல்லோரும் சுற்றி வந்தார்கள். டின்னில் மேலாக இருந்த மாவைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். அடியிலிருந்த சுறாவைப் பூண்டும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தேன்.

பக்கத்துக் குடிசைக்காரி மெதுவாகக் கேட்டாள். "எக்கா, எங்க டின்னு எல்லாம் ஆத்தோட பூடுச்சா, மண்ணுல கீதான்னே தெரியல. நீ மேல வெச்சியா, கீழ வெச்சியா?"

"வெக்கிற எடத்துல வெச்சேன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பெண் எழுந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். முதல் நாள் ஊதின சங்கு எதற்கென்று வார்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை என்றாள் ஒருத்தி. இல்லை, ஆற்றுக்குத்தான் என்றாள் இன்னொருத்தி. பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் ஊதியது.

கட்டிலுக்கு அடியில் சிலர் நுழைந்தார்கள். கட்டிலின் மேல் சிலர் ஏறி நின்றார்கள். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

என் பெண் சுறாத் துண்டில் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ மேலயா கீழயான்னு யோசிச்சு வை. நான் துன்னுட்டு வரேன்."

குழந்தை மார்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தொண்டை இறங்கி ஏறியது. நான் சங்கை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.