நாலு மணிக்கு முந்தி இல்லை

தங்கச்சி கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான் மூத்தவன், அவர் கடைசி. இனக்கலவரத்தில் அங்கிருந்த எங்கள் வீடு எரிந்தபின், மணமாகாத நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடிக்கு வந்தோம். ஆனாலும் அவர் கொட்டாஞ்சேனைப் பாடசாலையை விடவில்லை. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தார். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், வழியில் ஐந்து சோதனைச் சாவடிகள். எனக்கு அதுதான் ஓயாத கவலை.

"எத்தினை மணிக்கு வருவாய்?" என்று தினமும் காலையில் கேட்பேன்.

"நாலுக்கும் ஆறுக்கும் இடையில."

"கேட்டது ஒரு நேரம். நீ ரெண்டு சொல்லுறாய்."

"இது சமன்பாடு இல்லை அண்ணா, சமனிலி. இடையில எந்த நேரமும் சரியான விடைதான். என்ர பிள்ளையளும் உங்களை மாதிரித்தான். விடை மூண்டிலும் பெரிசு எண்டால், நாலு எண்டு எழுதிப்போட்டுப் பேனையை மூடி வைச்சிடுவினம்."

அவர் பஸ் மாறும் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்த ஒரு நாள் ஆறு கடந்தது, ஏழும் கடந்தது. காலி வீதியில் பஸ் இல்லை. பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து நடந்து வந்தவர்களை எண்ணியபடி நின்றேன். அறுபதுக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. எட்டரைக்குத் தங்கச்சி அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். மாணவிகளை ஒவ்வொருவராக வீட்டில் சேர்த்துவிட்டு நடந்திருக்கிறார்.

"ஆறு எண்டாய்!" என்று வீதியிலேயே கத்தினேன்.

"இந்த ஊரில மேல் எல்லை சொல்லேலாது அண்ணா. இனிக் கீழ் எல்லை மட்டும்தான். நாலுக்கு முந்தி வரமாட்டன். அதுவரைக்கும் பயப்பிடாமல் சாப்பிட்டுப் படுங்கோ."

அன்று முதல் பகல் நாலு மணிவரை எனக்கு நிம்மதி இருந்தது.

கடைசியாக அவரை நெஞ்சு வருத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதையே கேட்டேன்.

"எப்ப வீட்டை வருவாய்?"

"வெள்ளிக்கு முந்தி இல்லை."

நம்பி இருந்தேன். வியாழன் பின்னேரம் தங்கச்சி காலமானார். வெள்ளி காலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர் சொன்ன எல்லை பிழையாகவில்லை.

பெட்டியை மூன்று மாடி தூக்கி ஏற்றிய அயலவர்களுக்கும், கேட்காமலே கதிரைகள் அனுப்பிய கீழ்க்கடை முஸ்லிம் நானாவுக்கும், சண்டையில் பாதை பூட்டியதால் வரமுடியாமல் யாழ்ப்பாணத்திலிருந்து அழுத உறவினர்களுக்கும் நன்றி. கொட்டாஞ்சேனையிலிருந்து அடையாள அட்டைகளோடு சாவடிகளைத் தாண்டி வந்த மாணவிகளுக்குத் தனியாக நன்றி. அவர்கள் திரும்பும்போது வாசலில் மறித்து, எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சுக்கு முந்தி இல்லை, அங்கிள்" என்றாள் ஒருத்தி.

ஐந்து மணிவரை பயப்படாமல் இருந்தேன்.