நல்லசாமி பார்த்த ஜப்பான் குடுமி

பழனி அடிவாரத்தில் மொட்டை அடிக்கும் நல்லசாமிக்குச் சினிமா ஒட்டாது. கதாநாயகன் தலையில் இருப்பது டோப்பா என்று முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அவன் எவ்வளவு அழுதாலும் இவருக்கு அழுகை வராது.

1958 மே மாதம் தங்கை வள்ளியைப் பார்க்கக் கொடைக்கானல் போனார். அவள் புருஷன் பொன்னுவேல் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பள்ளியில் சமையல்காரர். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளி மண்டபத்தில் ஜப்பான் படம் போட்டார்கள். சமையல்கட்டு ஆட்கள் பின்னால் நின்று பார்க்கலாம்.

"வாங்க மச்சான், கத்திச்சண்டைப் படமாம்."

"கத்தியத்தான் தெனமும் பிடிக்கிறேனே" என்று அலுத்துக்கொண்டே போனார்.

திரையில் ஒரு கிழட்டு வாள்வீரன் மழையில் நடந்து வந்தான். நெற்றியிலிருந்து உச்சிவரை மழமழவென்று வழித்த மண்டை. பின்முடியை வாரி மடக்கி உச்சியில் கட்டியிருந்தான். எவ்வளவு தேடியும் நல்லசாமிக்கு டோப்பாவின் விளிம்பு கிடைக்கவில்லை.

"ஏலே பொன்னுவேலு, யாரு செஞ்ச வேலை இது?"

"சண்டையப் பாருங்க மச்சான்."

ஊரைக் காக்க அந்தக் கிழவன் தனியாளாய் ஒரு மரப்பாலத்தில் நின்றான். எதிரே ஒரு கூட்டம். பேச்சு ஜப்பான் பாஷை, கீழே ஓடிய எழுத்து இங்கிலீஷ். நல்லசாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனால் வாளை உருவாமல் அவன் அவ்வளவு நேரம் நின்றது புரிந்தது. தலையை நனைத்துவிட்டு, முடி இளகும்வரை கத்தி வைக்காமல் இவரும் அப்படித்தான் நிற்பார். கடைசியில் எவனோ வீசிய வாளில் குடுமி அறுந்து முடி சரிந்தபோது, நல்லசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும், உட்கார்ந்த ஒவ்வொரு தலைக்கும் அந்தக் கதையைச் சொன்னார். கதை பாதியில் இருக்கும்போதே மொட்டை முடிந்தவர்கள்கூட மீதியைக் கேட்க நின்றார்கள்.

1961இல் கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியிலிருந்து பூண்டு விவசாயி திருமலைச்சாமி வேண்டுதலுக்கு வந்தார். கதை பாலத்துக்கு வந்த நேரம் முன்மண்டை வழித்தாயிற்று. நல்லசாமியின் கை தானாக நின்றது. ஒரு நூலை எடுத்துப் பின்முடியை உச்சியில் கட்டிவிட்டார்.

திருமலைச்சாமியின் மனைவி கந்தம்மாள் பதறிப்போனாள். "என்னங்க இது, முருகனுக்குப் பாதித் தலைதான் நேர்ந்தீங்களா?"

திருமலைச்சாமி கண்ணாடியில் பார்த்தார். "அந்தாளுக்கு இப்படித்தான் இருந்துச்சாங்க?"

"இன்னும் கொஞ்சம் எடுப்பா இருந்துச்சு."

"அப்ப கதை முடியறவரைக்கும் இது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க."

குடுமி அறுகிற கட்டத்தில்தான் நல்லசாமி அந்தக் குடுமியில் கத்தியை வைத்தார். கந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

1964இல் அதே படம் அதே பள்ளிக்கு மறுபடி வந்தது. பொன்னுவேல் கார்டு போட, நல்லசாமி மலையேறினார். திருமலைச்சாமியையும் கூட்டிக்கொண்டார். பாலத்துச் சண்டை நடந்தபோது திருமலைச்சாமி விரல் விட்டு எண்ணினார்.

"இருபது பேருன்னு சொன்னீங்க. பன்னெண்டுதான் வர்றாய்ங்க."

"எண்ணாதீங்க. அவன் முகத்தைப் பாருங்க."

திருமலைச்சாமி விரலை மடக்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் இன்னொரு காட்சி இருந்தது. பூண்டுக் காட்டுச் சோலியைப் போட்டுவிட்டு அவர் வெள்ளனே வந்து, பூட்டியிருந்த மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.